பெரியசாமி கட்டிய சுவர்

சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருக்கும் எங்கள் பாலகாட் லைன் வீடுகளில் பெரியசாமி மேஸ்திரியின் பொய்யைக் கேட்காத காது கிடையாது. தங்கச் சுரங்கத்தை மூடும் சமயத்தில், மலையடியில் உள்ளே போகும் ஒரு சுரங்கப் பாதையை நடுவில் செங்கல் வைத்து அடைத்தவர் அவர். அதற்கு அப்பால் பழைய குழிகளில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. காரணம் அவ்வளவுதான். ஆனால் யாராவது ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் போதும், "வெள்ளைக்காரன் ஒளிச்சு வெச்ச தங்கம் அந்தச் சுவத்துக்குப் பின்னால கீது. என் கண்ணால பாத்தேன்" என்று ஆரம்பித்துவிடுவார். இருபத்தைந்து வருஷமாக இதே புளுகு.

நேற்று காலையில் அவர் மகள் யசோதரா அழுதுகொண்டே ஓடி வந்தாள். அவள் புருஷன் கதிர், பெங்களூருக்கு வேலைக்குப் போகாமல், கடப்பாறையோடு அந்தப் பாதைக்குள் போய்விட்டானாம். கிழவரின் முகம் வெளிறிவிட்டது. நானும் அவரோடு ஓடினேன்.

பாதையின் வாயிலேயே இடிக்கிற சத்தம் கேட்டது. பெரியசாமி இருட்டைப் பார்த்துக் கத்தினார்.

"மாப்ள, வெளிய வந்துடுங்க! தங்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் சொன்னதெல்லாம் பொய்யி! அங்க தண்ணிதான் நிக்குது!"

உள்ளே கதிர் சிரித்தான். "பயப்படாதீங்க மாமா, உங்க பங்கு உங்களுக்குத்தான்!"

"ஐயோ, என் பொண்ணு மேல சத்தியமா சொல்றேன்!"

 எனக்கு உள்ளே போகத் தைரியம் வரவில்லை. திடீரென்று இடிக்கிற சத்தம் நின்றது. கதிரின் குரல் சந்தோஷமாக வந்தது.

"மாமா, செங்கல்லெல்லாம் ஈரமா கீது. கையால இழுத்தாலே வந்துடும் போல!"