அசையாத முள்

எட்டு வருடம் தற்காலிகமாக வேலை பார்த்தவனுக்கு ஒரு குணம் வந்துவிடும். எதற்கும் ஆசைப்படவில்லை என்று எல்லோரிடமும் சொல்வான். சொல்லிச் சொல்லியே களைத்துப் போயிருப்பான். மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த புதிதில் நான் அப்படித்தான் இருந்தேன். கொடி மாறியது. மலாக்கா ஆற்றோரம் இருந்த எங்கள் அரசாங்கப் படகுப் பட்டறையின் பெயர்ப்பலகைக்குப் புதுச் சாயம் அடித்தார்கள். நான் மட்டும் அதே தற்காலிக ரேடியோ மெக்கானிக்.

பட்டறையின் வெள்ளைக்கார இன்ஜினியர் சொந்த ஊருக்குக் கப்பலேறத் தயாராகிக்கொண்டிருந்தார். போவதற்கு முன் எனக்கு ஒரு வேலை வைத்தார். மலாக்காவில் கரையோரம் ஆழம் போதாது. கப்பல்கள் தூரத்திலேயே நங்கூரம் போட்டு நிற்கும். அவற்றுக்கும் கரைக்கும் நடுவே ஓடிய எங்கள் மோட்டார் படகின் வயர்லெஸ், வெயில் ஏற ஏற அலைவரிசையை விட்டு நழுவிவிடும். காலையில் கேட்ட குரல் மத்தியானம் கேட்காது. கிறிஸ்டல் வைத்து, நழுவாத ஒரு சர்க்கிட்டை நீயே வடிவமைத்துக் காட்டு, சோதனையில் தேறினால் உன்னை நிரந்தரமாக்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்றார். அவர் இடத்துக்குக் கோலாலம்பூரிலிருந்து வரப்போகிறவருக்கு நான் யாரென்றே தெரியாது.

காஜா பெராங்கில் எங்கள் வாடகை வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

“நிரந்தரம்னா, நாளையிலேர்ந்து வராதேன்னு யாரும் சொல்ல முடியாதுல்ல?” என்று கேட்டாள்.

“முடியாது.”

“எழுதிக் குடுத்துடுவாங்களா?”

“காகிதத்துலயே குடுத்துடுவாங்க.”

அப்பாவுக்கு வேலை போன அன்றே ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டை விட்டு மூட்டை கட்டச் சொன்ன குடும்பம் அவளுடையது. அப்போது அவளுக்கு ஒன்பது வயது. பாய், சட்டி, கோழி எல்லாவற்றையும் சாலையோரம் வைத்துக்கொண்டு லாரிக்குக் காத்திருந்ததை அடிக்கடி சொல்வாள். அந்தக் காகிதம் எனக்கு வேண்டியிருந்ததைவிட அவளுக்கு வேண்டியிருந்தது.

கிறிஸ்டல் என்பது கட்டைவிரல் நகத்தளவு ஒரு குவார்ட்ஸ் தகடு. பார்த்தால் ஜன்னல் கண்ணாடித் துண்டு மாதிரி இருக்கும். இரண்டு உலோகத் தட்டுகளுக்கு நடுவே வைத்து மின்சாரம் கொடுத்தால் துடிக்கும். வினாடிக்கு எத்தனை லட்சம் துடிப்பு என்பதை அதன் தடிமன் முடிவு செய்யும். அந்தத் துடிப்பு நிற்காமல் பார்த்துக்கொள்ள பல்பு மாதிரி ஒரு ரேடியோ வால்வு, பக்கத்தில் சின்னச் சின்ன கண்டென்சர்கள். கண்டென்சர் கொஞ்சம் பெரிதானால் துடிப்பே தொடங்காது. சிறிதானால் துடிக்கும், ஆனால் தன் இஷ்டத்துக்குத் துடிக்கும். கம்பி நீண்டால் கெடுதல், வால்வின் சூடு பட்டால் கெடுதல். மாமியாருக்கு நடுவீட்டில் இடம் ஒதுக்குகிற மாதிரி அதற்கு இடம் பார்க்க வேண்டும்.

சிங்கப்பூரில் போர்க்காலச் சாமான் விற்பவனிடமிருந்து இரண்டு கிறிஸ்டல் வாங்கி வந்திருந்தோம். இரண்டும் நமக்கு வேண்டிய அலைவரிசைக்குக் கொஞ்சம் கீழே. கண்ணாடிப் பலகையில் சாணைப்பொடியும் தண்ணீரும் விட்டுத் தேய்த்து, மயிரிழை அளவு மெலிதாக்கினால் மேலே ஏறும். முதல் கிறிஸ்டலைத் தேய்க்கும்போது என் அவசரத்தில் விரிசல் விட்டுவிட்டது. மிச்சம் ஒன்றே ஒன்று. பட்டறையில் படகு இன்ஜின்களின் இரைச்சலில் அதைத் தொடப் பயந்து, எல்லாவற்றையும் பிஸ்கட் டின்னில் போட்டு வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். சோதனைக்கு நான்கு நாள் இருந்தது. மறுநாள் ஆயுத பூஜை.

பூஜையன்று காலை மனைவி வீட்டுக்கு விலக்காகிவிட்டாள். அந்தக் காலத்து வழக்கப்படி பின்கட்டில் ஒரு பாயோடு ஒதுங்கி உட்கார்ந்தாள். சமையல் என் தலையில் விழுந்தது. சோறு அடிப்பிடித்தது. பக்கத்து வீட்டு அம்மாள் மலாக்கா செட்டி, பல தலைமுறையாக மலாய் பேசியே வளர்ந்த தமிழ் வம்சம்; தமிழ் வராது. ஆனால் ஆயுத பூஜை தெரியும். சந்தனம் அரைத்து ஒரு கிண்ணத்தில் வேலிக்கு மேலே நீட்டினார். மலாயில் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். அதற்குள், ராத்திரி முழுக்கக் கண் விழித்து, கிறிஸ்டலைத் தேய்த்துக் கழுவி, மேசையில் கண்ணாடிப் பலகை மேலேயே காய வைத்திருந்தேன். முதுகு விண்விண்ணென்று தெறித்தது.

“ஏங்க, பொட்டு வச்சிட்டீங்களா?” பின்கட்டிலிருந்து குரல் வந்தது.

“வைக்கறேன்.”

“எதையும் விட்டுடாதீங்க. வேலை வாங்கிக் குடுக்கப் போறதே அதுங்கதான்.”

எனக்கு இந்தச் சடங்கிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது. அவள் மனம் கோணக் கூடாது என்று வரிசையாக வைத்துக்கொண்டே போனேன். அரைத் தூக்கம். ஸ்க்ரூ டிரைவர், குறடு, ஈயம் வைக்கும் கோல், மீட்டர். சூடம் காட்டிவிட்டு, அவளுக்குப் பொரி கடலையைத் தட்டில் வைத்துத் தள்ளிவிட்டு, அதே தூக்கக் கலக்கத்தில் கிறிஸ்டலை அதன் கறுப்பு டப்பாவுக்குள் வைத்து மூன்று திருகாணிகளையும் முடுக்கினேன்.

மத்தியானம் சர்க்கிட்டில் பொருத்தி மின்சாரம் கொடுத்தேன். துடிப்பு இருந்தால் மீட்டரின் முள் எழ வேண்டும். எழவில்லை.

கண்டென்சரைக் குறைத்தேன். கூட்டினேன். வால்வை மாற்றினேன். மறுநாள் முழுக்கப் படத்தையே திரும்ப வரைந்து, பலகையைப் பிரித்து, கம்பிகளைக் குட்டையாக்கி மறுபடி கட்டினேன். முள் சுவரில் அடித்த ஆணி மாதிரி நின்றது. கிறிஸ்டலை மட்டும் நான் சந்தேகிக்கவில்லை. என் கையால் கழுவியது அல்லவா! தன் கையில் தப்பு வராது என்று நம்புகிறவன்தான் ஊரையே சந்தேகிப்பான்.

மூன்றாம் நாள் பிற்பகல் அவள் பின்கட்டு நிலைப்படிவரை வந்து எட்டிப் பார்த்தாள். “இன்னும் வரலீங்களா? கொஞ்சம் படுத்து எந்திரிச்சிப் பாருங்களேன்” என்றாள். அவ்வளவுதான். ஆறுதலாகத்தான் சொன்னாள்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ. “எப்படி வரும்? நீ விலக்காயிருந்துக்கிட்டு மூணு நாளா இங்கேயே எட்டி எட்டிப் பாத்தா எப்படி வரும்? உன் தீட்டுதான் பட்டுடுச்சு” என்று கத்தினேன்.

இங்கிலீஷில் ரேடியோ புத்தகம் படித்தவன். கோயிலுக்குப் போகிறவர்களைக் கேலி பேசுகிறவன். அந்த வாயிலிருந்துதான் அது வந்தது. அவள் பாயைச் சுருட்டிக்கொண்டு கொல்லையிலிருந்த விறகுக் கொட்டகைக்குப் போய் உட்கார்ந்தாள்.

வேறு ஒன்றும் செய்யத் தோன்றாமல் கறுப்பு டப்பாவின் திருகாணிகளைக் கழற்றினேன். மூடியைத் திறந்தேன். கிறிஸ்டலின் நட்டநடுவில் காய்ந்துபோன சந்தனப் பொட்டு இருந்தது. வட்டமாக, அழகாக, என் மோதிர விரலின் ரேகையோடு.

அவள் மேசைப் பக்கமே வரவில்லை. கிண்ணத்தைத் தொடவில்லை. எதையும் விட்டுவிடாதீர்கள் என்று மட்டும்தான் சொன்னாள். தூக்கக் கலக்கத்தில் நான்தான் கண்ணாடிப் பலகைக்கென்று விரலை நீட்டி, அதன் மேல் கிடந்த கிறிஸ்டலுக்கு வைத்திருக்கிறேன். அந்த எடையைச் சுமந்துகொண்டு எந்தத் தகடு துடிக்கும்? வெட்கத்தில் காது சுட்டது.

ஸ்பிரிட்டில் கழுவி, துடைத்து, பொருத்தினேன். முள் உடனே எழுந்தது. முதல் நாள் நான் வரைந்த படமே சரியானதுதான். கொட்டகை வாசலில் போய் நின்று, “வந்துடுச்சு” என்றேன்.

“என்ன கோளாறு?”

சொல்லியிருக்க வேண்டும். ஒரு வாக்கியம் போதும். “ஒரு கம்பி விட்டுப் போயிருந்துச்சு” என்றேன்.

அவள் தலையாட்டினாள். கம்பி என்பதை அவள் நம்பவில்லை. அவள் நிலைப்படியை விட்டு விலகிக் கொட்டகைக்குப் போன பிறகுதானே அது வேலை செய்தது.

சோதனை நாளன்று படகு உஜோங் பாசிர்வரை போய் உச்சி வெயிலில் திரும்பியது. குரல் நழுவவில்லை. இன்ஜினியர் சொன்னபடி எழுதிக் கொடுத்தார். அடுத்த மாதமே ஆணை வந்தது. மனைவி அதை இரண்டு கையாலும் வாங்கி, படிக்கத் தெரியாவிட்டாலும் மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். அழுதாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சந்தோஷமான நேரத்தில் எதற்கு என்று நினைத்தேன்.

அதன்பின் செமாபோக்கில் சொந்த வீடு வந்தது. நான் ஓய்வு பெற்றேன். விலக்காகிற நாட்கள் அவளுக்கு நின்று வெகுகாலம் ஆகிவிட்டது. ரேடியோ மேசை மட்டும் இன்னும் முன்னறையில் இருக்கிறது. பழக்கத்தில் எதையாவது பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நாலு மணிக்குக் கோப்பி கொண்டுவருவாள். முன்னறை நிலைப்படியோடு நின்றுவிடுவாள். உள்ளே வா என்று ஒவ்வொரு நாளும் சொல்கிறேன். “இருக்கட்டுங்க, உங்க வேலை கெட்டுடப் போவுது” என்று சொல்லி, கோப்பையை அங்கிருந்தே கை நீட்டிக் கொடுக்கிறாள். நான் எழுந்து போய் வாங்கிக்கொள்கிறேன்.