மகள் வரைந்த எழுத்துகள்

என் மகள் தன் கையாலேயே ஒரு தமிழ் எழுத்துரு வரைந்திருந்தாள். அவள் எழுதி வைத்துவிட்டுப் போன கதைகளை அதே எழுத்தில் புத்தகமாக்க வேண்டும் என்று, எழுபது வயதுக்கு மேல் கணினியில் அச்சுக்கோக்கக் கற்றேன். எழுத்துருவின் பெயரைக் குறிப்பிட்டால் போதும், வந்துவிடும். கதைகளை மட்டும் மூன்று பென்டிரைவில் நகல் எடுத்தேன். பக்கங்களை எப்போது வேண்டுமானாலும் உருவாக்கிக்கொள்ளலாமே!

போன மாதம் கணினி செத்தது. புதியதில் அவள் எழுத்துக்குப் பதில் வெறும் கட்டங்கள் வந்தன. ஏனாத்தூர் சாலையில் கணினி பழுது பார்க்கும் பாயிடம் ஓடினேன்.

“வெறும் பேர வெச்சிக்கினு இருந்திருக்கீங்க, ஐயா. பேரு சொன்னா கம்ப்யூட்டரு தன்கிட்ட இருக்குதான்னு தேடும், அவ்ளோதான். எழுத்துரு ஃபைலோட பேரு குடுத்திருந்தா அந்த ஃபைலையும் கதையோடவே வெச்சிருப்பீங்க.”

“மூணு காப்பி இருக்குதேப்பா!”

“மூணுலயும் கதைதான் இருக்குது. எழுத்து பழைய கம்ப்யூட்டரு டிஸ்க்கோட போச்சு. அந்த எழுத்துல செஞ்ச பிடிஎஃப் எதுனா போன்ல இருக்குதா?”

ஒன்றே ஒன்று இருந்தது. அவளுடைய கருமாதிப் பத்திரிகை. பாய் அதிலிருந்து எழுத்துகளைப் பொறுமையாகப் பிரித்தெடுத்தார். “இதுல வந்த எழுத்து மட்டுந்தான் உள்ள இருக்கும், ஐயா” என்றார், தலை நிமிராமல்.

வீட்டுக்கு வந்து எண்ணினேன். நாற்பத்தொன்று தேறின. அவளுடைய முதல் கதையின் முதல் வரியைக்கூட அவற்றால் முழுதாக அமைக்க முடியவில்லை. அவள் வரைந்ததில் எனக்கு மிஞ்சியிருப்பவை, அவள் இறந்ததைச் சொல்லத் தேவைப்பட்ட எழுத்துகள் மட்டுமே.