பஸ்காவுக்குக் கொட்டிய தோசை மா

இயேசுதான் மேசியா என்று நம்புகிறோம். அவர் கைக்கொண்ட சனிக்கிழமை ஓய்வுநாளையும் பஸ்கா போன்ற யூதப் பண்டிகைகளையும் நாங்களும் கைக்கொள்கிறோம். அதற்காக என் அண்ணன் இரண்டு வருடமாக மல்வேர்னில் இருக்கும் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. அவர் வேறொரு தமிழ்ச் சபைக்குப் போகிறவர். "நீங்கள் யூதராகிட்டியள், இனி நாங்கள் என்னத்துக்கு?" என்று சொல்லிப் போனை வைத்தவர்.

இந்த வருடம் பஸ்கா விருந்துக்குக் கெஞ்சிக் கூப்பிட்டேன்.

"உங்கட புளிக்காத காய்ஞ்ச அப்பத்தைச் சப்ப என்ர பல்லு விடாது. தோசை சுட்டா வாறன்" என்றார்.

அவ்வளவு போதும் எனக்கு.

பஸ்காவுக்கு முன் வீட்டில் புளித்த மா எதுவும் இருக்கக்கூடாது. பாணையும் பிஸ்கற்றையும் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். பாண் வாட்டும் ரோஸ்ரரைக் கவிழ்த்துத் தட்டினேன். கார் சீற்றுக்குள் கிடந்த துகளைக்கூட வக்கியூமால் உறிஞ்சி எடுத்தேன். தோசை மாவை மட்டும் வைத்திருந்தேன். பஸ்காவில் விலக்கவேண்டியது கோதுமை, வாற்கோதுமை போன்ற தானியங்களின் புளிப்பை. உழுந்தும் அரிசியும் அதில் சேராது. இதை நான் தேடிப் படித்துத்தான் வைத்திருந்தேன்.

விருந்தன்று எங்கள் சனிக்கிழமைக் கூடுகையை நடத்தும் அங்கிள் பிக்கரிங்கிலிருந்து நேரத்தோடு வந்துவிட்டார். கதிரை எடுக்க பேஸ்மென்றுக்குப் போனேன். திரும்பி வந்தால் சிங்கில் தண்ணீர் ஓடுகிறது. என் மாச் சட்டி வெறுமையாக இருக்கிறது.

"பொங்கி நிண்டது பிள்ளை. புளிச்ச மா எல்லே. நல்லகாலம் நான் பிரிட்ஜைத் திறந்து பாத்தனான்."

"அது உழுந்து, அங்கிள்."

"புளிச்சது புளிச்சதுதான்."

ஒரு நாளாவது உழுந்து ஊறப்போட்டிருப்பாரா இந்த மனிதர்? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாரா?

அந்த நேரம் பார்த்து அண்ணன் வந்தார். நடந்ததைச் சொன்னேன். கழற்றிய சப்பாத்தை மறுபடி காலில் மாட்டினார்.

"இதுக்குத்தான் நான் வாறேல்லை. உவர் ஆர், சுகாதாரப் பரிசோதகரோ?"

"பண்டிகை நாளில சினம் ஆகாது" என்றார் அங்கிள்.

"மற்றாக்களின்ர பிரிட்ஜைத் திறக்கிறது ஆகுமோ?" என்று கத்தினேன். "உழுந்து கூடாதெண்டு எந்த வசனத்தில கிடக்கு? காட்டுங்கோ."

அவர் வேதப் புத்தகத்தைத் திறக்கவில்லை. ஜெபிப்போம் என்றார். நான் அவர் கண்முன்னாலேயே உழுந்தை அளந்து ஊறப்போட்டேன்.

"அண்ணை, நாளையிண்டைக்கு மா பொங்கீடும், வாங்கோ."

அண்ணன் கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார். அன்று பஸ்கா விருந்தில் தின்னும் கசப்புக் கீரை எனக்குக் கசக்கவே இல்லை, அவ்வளவு ஆத்திரம்.

மறுநாள் பண்டிகையின் முதல் நாள், வேலை ஆகாது. ஆனால் சாப்பாடு ஆக்க அன்று அனுமதி உண்டு. மாவை அரைத்து, இளஞ்சூட்டுக்காக லைற்றைப் போட்ட ஒவனுக்குள் பொங்க வைத்தேன். அதற்கடுத்த நாள் பின்னேரம் பெல் அடித்தது. அண்ணன்தான்.

இரண்டு தோசை சாப்பிட்டார். பிறகு கேட்டார்:

"உன்ர அங்கிள் வருவாரோ?"

"வரமாட்டார். வந்தாலும் கதவு திறக்கமாட்டன்."

"அப்ப இன்னொண்டு போடு."