எதிர்க்கடைப் பெஞ்சில் இருந்தவர்கள்

தேநீரில் மருந்து வாடை அடித்தது. மனைவி எஸ்தரிடம் சொன்னேன். அவள் அதே டம்ளரிலிருந்து ஒரு வாய் குடித்துக் காட்டினாள். என்னை நம்பவைக்கக் குடிக்கிறாள் என்று நினைத்தேன்.

கோவில்பட்டியில் விதையும் உரமும் விற்கிறேன். அது விதைப்புக் காலம். மக்காச்சோள விதை வாங்க வந்த பசுவந்தனைக்காரர்கள் இருவர் தங்களுக்குள் சிரித்தார்கள். என்னைப் பற்றித்தான் என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கமும் என்னைக் குறிவைத்தது. கடையில் இருக்க முடியாமல் ஒரு சாயங்காலம் தண்டவாளத்தை ஒட்டி வெகுதூரம் நடந்தேன்.

எஸ்தர்தான் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனாள். டெல்யூஷன் (ஆதாரம் காட்டினாலும் அசையாத தவறான நம்பிக்கை) என்றார் அவர். மாத்திரை தொடங்கியது. சில வாரங்களில் தேநீர் பழைய ருசிக்குத் திரும்பியது. பிரசங்கமும் ஊருக்குப் பொதுவானது.

என் கடைக்கு எதிரே உள்ள டீக்கடையில் உட்கார்ந்து என்னையே பார்ப்பவர்கள் மட்டும் குறையவில்லை. எல்லாரும் எங்கள் சபையார். ஒருவர் எழுந்து போனால் இன்னொருவர் வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்தார். யாரும் என் கடைக்குள் வரவில்லை. மருத்துவரிடம் சொன்னேன். அவர் எஸ்தரைப் பார்த்தார். எஸ்தர் தரையைப் பார்த்தாள். மாத்திரையின் அளவு கூடியது.

கை நடுங்கியது. நாக்கு தடித்தது. உரமூட்டையின் தையலைப் பிரிக்க வரவில்லை. கண்ணெதிரே இருப்பதை இல்லையென்று சொல்லும் மருந்து எதற்கு? அன்றைய மாத்திரையை விழுங்காமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ரோட்டைக் கடந்தேன்.

பெஞ்சில் சபைச் செயலாளர் தேவராஜ் அண்ணாச்சி இருந்தார்.

"எதுக்கு அண்ணாச்சி என்னையே பாக்குதீங்க?"

"இப்ப எம் முறைல்லா" என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"என்ன முறை?"

எங்கள் சபையில் சங்கிலி ஜெபம் உண்டு. ஆள் மாற்றி ஆள், இடைவெளி விடாமல் ஜெபிப்பது. எனக்காக அப்படி ஜெபித்தவர்கள், காவலுக்கும் அதே போல முறை வைத்திருக்கிறார்கள்.

"எஸ்தர்தான் அழுதா, நீ தண்டவாளத்துப் பக்கம் போயிருவியோன்னு. ஒங்கிட்ட சொன்னா வெசனப்படுவியேன்னு யாரும் சொல்லல. ஏலே, ஒனக்காவக் குடிச்ச டீயில எனக்கு சுகர் ஏறிட்டு, தெரியுமா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "நீங்கல்லாம் என்னைக் கொல்ல வந்தவியன்னு நெனச்சிட்டிருந்தேன் அண்ணாச்சி."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "நாளைலருந்து ஒங் கடைக்குள்ளயே வாரோம்" என்றார்.

மறுநாள் எஸ்தர் மருத்துவரிடம் சொன்னாள்: "இவிய சொன்னதுல பாதி நெசம் டாக்டர். சபையாரை வேண்டாம்னு சொல்லிருவீங்களோன்னு மறைச்சுட்டேன்."

மருத்துவர் அளவைக் குறைத்தார்; நிறுத்தவில்லை. அது சரி என்று எனக்கும் பட்டது. அவர்கள் பார்த்தது உண்மை. கெடுக்க வந்தார்கள் என்பது என் நோய். அந்தப் பாதிக்கு மருந்து வேண்டும்.

இந்த நோயுள்ள ஒருவர் உங்கள் சபையில் இருந்தால், அவருக்காக ஜெபியுங்கள். பார்க்கப் போவதானால் அவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

சந்தேகம் இப்போதும் வருகிறது. முதலில் பிடரி இறுகும். அது தளரும்வரை எதையும் முடிவுசெய்வதில்லை. சில நாள் ஒரு மதியம் முழுதும் ஆகிவிடுகிறது.

ஜெப நேரத்தில் சபை முழுதும் கண்ணை மூடும், நான் மூடுவதில்லை. போன ஞாயிறு சுற்றிலும் பார்த்தபோது, தேவராஜ் அண்ணாச்சி ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாட்டிக்கொண்டவர் மறைக்கவில்லை, தலையை ஆட்டினார். நான் கண்ணை மூடினேன். ஆமென் வர வெகுநேரம் ஆனது.