யூடிகோலன் கைக்குட்டை

பேத்தியை என் அக்கார்டியன் வகுப்பில் சேர்க்க வந்த பெரியவர் கைக்குட்டையை எடுத்ததும் யூடிகோலன் வாசம் குப்பென்று அடித்தது. எங்கள் பழைய சர்ச் பாட்டு மாஸ்டர்! அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

எனக்கு அப்போது பத்து வயது. என்னையும் கூட்டிக்கொண்டு களையெடுக்கக் காட்டு வேலைக்குப் போகும் அம்மா சனிக்கிழமைகளில் சர்ச்சைக் கூட்டுவாள். அவள் கூட்டி முடிக்கும்வரை மாஸ்டருடைய அக்கார்டியன் கட்டைகளைத் திருட்டுத்தனமாக அழுத்திப் பழகுவேன். துருத்தியை விரிக்காவிட்டால் சத்தமே வராது. ஒருநாள் பார்த்துவிட்டார்.

"காட்டு வேலை செய்யற கை இதுல படலாமுங்களா அம்மணி?" என்று சிரித்தபடி, பாட வந்த அத்தனை பேர் முன்னாலும் யூடிகோலன் தெளித்து ஒவ்வொரு கட்டையாகத் துடைத்தார்.

"நல்ல பெட்டிங்க டீச்சர்" என்று இப்போது என் அக்கார்டியனைத் தொட்டார்.

அவர் கைக்குட்டையையே கேட்டு வாங்கி, தொட்ட கட்டைகளைத் துடைத்தேன். மூன்றாவது கட்டையில் அவர் முகம் வெளுத்தது.

"பாப்பா உள்ள வரட்டுங்க" என்றேன். "நீங்க வெளியவே நில்லுங்க."