எலிக்குக் குணமான மருந்து

என் மச்சினன் ஆராய்ச்சிக்கூடத்தில் எலிக்கூண்டு கழுவுகிறவன். சொந்தக்காரர்கள் மத்தியில் அவன் புற்றுநோய் விஞ்ஞானி. அப்படிச் சொன்னது அவன் இல்லை. மறுக்கவும் இல்லை, அவ்வளவுதான்.

பன்னிரண்டு வருடமாக மரத்தூள் மாற்றுகிறான், தண்ணீர்ப் புட்டி நிரப்புகிறான், எலியின் விலாவில் வளரும் கட்டியை அளந்து எழுதுகிறான். பகலில் அங்கே அளப்பவன், சாயங்காலம் எங்கள் வீட்டில் அளந்து விடுவான்.

"பெப்டைடுன்னா புரதத்தோட குட்டித் துண்டு மாமா. நல்ல செல்லை விட்டுட்டு, புத்துநோய் செல்லாப் பாத்து ஓட்டை போடும். முப்பது எலியில இருபத்தாறுக்குக் கட்டி கரைஞ்சுபோச்சு!"

நானும் வாயைப் பிளந்து கேட்டவன்தான். அவனை மட்டும் திட்டி என்ன பயன்?

என் மனைவிக்கு, அதாவது அவன் அக்காவுக்கு, மார்பில் கட்டி வந்தது. ஆரம்ப நிலைதான், இப்போதே அறுத்து எடுத்தால் பிழைத்துக்கொள்வாள் என்றார் மருத்துவர். இவள் இரண்டு முறை தேதியைத் தள்ளிப்போட்டாள். "தம்பி மருந்து வந்துடும்ல, எதுக்குக் கத்தி?"

மூன்றாவது தேதியும் வந்தது. இதையும் தள்ளிப்போட்டால் இவளை வாரிக்கொடுத்துவிடுவேனோ என்று பயந்தேன். அன்று காலையிலேயே மச்சினனை இழுத்து வந்து அவள் எதிரில் உட்காரவைத்தேன். "உண்மையைச் சொல்லு. இல்லன்னா இந்த வீட்டுப் படி ஏறாதே."

அவன் முகத்தில் ஈயாடவில்லை. "அக்கா, மனுஷங்களுக்கு இன்னும் ஒரு ஊசிகூடப் போடல. போட எத்தனை வருஷம் ஆகுமோ. நான் வெறும் கூண்டு கழுவுறவன்க்கா."

"அது எனக்குத் தெரியாதா? நீ வந்தாலே வீடெல்லாம் எலி நாத்தம்," என்றாள். "அந்த இருபத்தாறு எலி? அதுங்களாவது நல்லா இருக்கா?"

அவன் என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன்.

"இல்லக்கா. இருபத்தெட்டாம் நாள் எல்லாத்தையும் கொன்னுடுவோம். அறுத்துப் பாத்தாத்தான் உள்ள நிஜமாவே கரைஞ்சிருக்கான்னு தெரியும். குணமானதும் சாகணும், ஆகாததும் சாகணும். அதான் அங்க முறை."

அவள் எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்தாள்.

"எப்படியும் அறுக்கத்தான் போறீங்கன்னா, உசுரோட திருப்பி அனுப்புறவங்ககிட்டயே போய் அறுத்துக்கிறேன். டேய், வண்டியை எடு."