தண்ணீர் குடிக்காத பெண்கள்

பெங்களூரில் பதினோரு மாடிக் கட்டடம், மாடிக்கு நாலு கழிப்பறை. எதற்குள் நுழைந்தாலும் எலுமிச்சை வாசனைதான் வரும். அப்படிக் கழுவி வைத்திருப்போம், ஹவுஸ்கீப்பிங் பெண்கள் பதினாலு பேர். கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகள் போன் பேசிக்கொண்டே தலை வாரும் கண்ணாடியில் ஒரு சொட்டு காய்ந்திருந்தால்கூட எங்களுக்கு வசவு விழும்.

அந்தக் கழிப்பறைகளுக்கு நாங்கள் போகக் கூடாது. எழுதி ஒட்டவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். எங்களுக்கென்று இரண்டாம் பேஸ்மெண்ட்டில், ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில் ஒன்று உண்டு. எழுதும்போதே குமட்டுகிறது. மஞ்சள் கறை முற்றிக் காவியாகியிருக்கும். தரை எப்போதும் நசநசவென்று செருப்பைப் பிடித்து இழுக்கும். மக்குக்குள் பச்சைப் பாசி. மூலையில் பேப்பரில் சுற்றி எறிந்த நாப்கின்கள், அதன்மேல் எறும்புச் சாரை. தாழ்ப்பாள் கிடையாது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவைக் காலால் அழுத்திக்கொள்ள வேண்டும்.

ஆனேக்கலிலிருந்து பஸ் ஏறி வரும் அக்கா ஒருத்தி எங்களோடு வேலை செய்தாள். "மூக்கக் கழட்டி லாக்கர்ல வெச்சுட்டுப் போடி, வரும்போது மாட்டிக்கோ" என்பாள். அவள் இப்படிச் சொல்வதையெல்லாம் நான் ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். படிப்பு ஏறவில்லையே தவிர எழுத்தென்றால் எனக்கு ஆசை. பினாயில் கேன்களைப் பார்த்துப் பார்த்தே இங்கிலீஷ் கூட்டிப் படிக்கப் பழகினேன்.

அந்த நாற்றத்துக்கு நாங்கள் கண்டுபிடித்த வைத்தியம் தண்ணீரே குடிக்காமல் இருப்பது. காலையில் ஆஸ்டின் டவுன் வீட்டில் அரை டம்ளர் டீ, அதற்கப்புறம் சாயங்காலம் வீடு திரும்பித்தான். அதில் பெருமை வேறு. "நான் எட்டு மணி நேரம் தாங்குவேன்" என்று ஒருத்தி சொன்னால், "நான் பத்து" என்பாள் இன்னொருத்தி.

எனக்கு இரண்டு முறை நீர்க்கடுப்பு வந்து காய்ச்சலில் படுத்தேன். இரண்டாம் முறை திரும்பி வந்தபோது மேனேஜர் கூப்பிட்டார். கன்னடக்காரர், எங்களிடம் தமிழும் கலந்து பேசுவார்.

"யாக்கம்மா, மத்தே லீவு? ஏன் மறுபடியும்? சூப்பர்வைசர் போஸ்ட்டுக்கு உன் பேர்தான் சொல்லியிருக்கேன். இப்படி லீவு போட்டா மேல என்ன சொல்றது? தீபாவளி வரைக்கும் பாக்கறேன். இன்னொரு லீவு போட்டே, பேரை எடுத்துடுவேன்."

அந்த வேலை எனக்கு வேண்டும். ஆசிட் நெடியில் கண் எரிந்து எரிந்து ஆறு வருஷம் போயாகிவிட்டது. சூப்பர்வைசர் என்றால் பேனாவும் தாளும். ஆனால் டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "தண்ணி குடிக்கறேன்னு எங்கிட்டப் பொய் சொல்லாத. இன்னொருவாட்டி வந்தா ஆஸ்பத்திரியிலதான் படுக்கணும்" என்று சொல்லியிருந்தார்.

அதே வாரம் ஆரோக்கிய வகுப்பு என்று எங்களை ஏசி ஹாலில் உட்கார வைத்தார்கள். வாசனையாக ஒரு பையன் வந்து, தினசரிச் சின்னப் பழக்கங்கள் வாழ்க்கையை மாற்றும், வேலையில் மேலே தூக்கிவிடும், எட்டு கிளாஸ் தண்ணீர் குடியுங்கள் என்று பேசினான். ஆளுக்கொரு பாட்டிலும் கொடுத்தான்.

அக்கா எழுந்தாள். "குடிச்சுட்டு எங்க சார் போறது?"

ஹாலே சிரித்தது. அவனும் ஜோக்கென்று நினைத்துச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வகுப்பு முடிந்ததும் கீழே போய் அந்தக் கதவைத் தள்ளிப் பார்த்தேன். மேலே நாற்பத்து நாலு கழிப்பறையை மினுக்குகிற கைகள்தான் எங்களுடையவை. இந்த அசிங்கமும் எங்களுடையதுதான், வேறு எவளும் இங்கே வருவதில்லை. கட்டடத்துக்காரன்மேல் இருந்த அருவருப்பு முழுதும் அப்படியே எங்கள்மேல் திரும்பியது.

மறுநாள் வருகைக்குப் பஞ்ச் அடிப்பதற்கு இருபது நிமிஷம் முன்னால் வந்து கழுவினேன். கறையைச் சுரண்டும்போது வாந்தி எடுத்தேன், அதையும் சேர்த்துக் கழுவினேன். பிறகு ஒவ்வொரு மாடி முடிந்ததும் ஐந்தாறு வாய் தண்ணீர். தினமும் இவ்வளவுதான்.

அக்காவுக்குப் பிடிக்கவில்லை. "சம்பளமில்லாத கக்கூஸயும் கழுவ ஆரம்பிச்சுட்டியா? நாளைக்கு இதயும் நம்ம தலைல கட்டிடுவானுங்கடி."

அவள் சொன்னது நியாயம்தான். இருந்தாலும், "தலைல கட்டினாத் தாங்கிப்பேன்க்கா. இப்ப அடிவயித்துல கட்டியிருக்கு" என்றேன்.

நாலாம் நாள் தரையில் மறுபடியும் நாப்கின், சுற்றாமல் விரித்தபடி. "யாருடி இது?" என்று கத்தினேன். அன்று பிரஷ்ஷை வீசிவிட்டுப் போய்விடத்தான் நினைத்தேன். அடுத்த வாரம் அங்கே ஒரு மூடி வைத்த குப்பைக்கூடை வந்திருந்தது. ஏழாம் மாடியில் கழித்துப் போட்டதை அக்கா தூக்கி வந்திருக்கிறாள். கேட்டால், "எனக்கென்ன தெரியும்" என்றாள்.

தீபாவளிவரை நான் ஒரு லீவு போடவில்லை. மேனேஜர் சூப்பர்வைசர் வேலையைக் கொடுத்துவிட்டு, "என்ன மருந்தும்மா சாப்பிட்டே?" என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். கறை என்றதும் அவர் மூக்கு சுருங்கியது, கர்ச்சீப்பை எடுத்துக்கொண்டார். "ச்சீ, இதெல்லாம் எதுக்கும்மா எங்கிட்ட?" வெறும் பேச்சைக் கேட்கவே அவரால் முடியவில்லை. நாங்கள் அதில் வருஷக்கணக்காக உட்கார்ந்து எழுந்தோம். அந்தக் கக்கூஸைப் பார்த்தபோதுகூட எனக்கு அவ்வளவு அருவருப்பு வரவில்லை, அந்த முகத்தைப் பார்த்தபோது வந்தது.

வேலை அட்டவணை எழுதுவது இனி என் பொறுப்பு. முதல் வரியிலேயே இரண்டாம் பேஸ்மெண்ட் என்று எழுதி, தினம் இருபது நிமிஷம், பஞ்ச் அடித்த பிறகு என்று போட்டேன்.

"அது க்ளையண்ட் ஏரியா இல்லையேம்மா. ட்யூட்டி டைம் எதுக்கு?"

"எங்கள்ல எத்தன பேர் லீவு போடறாங்கன்னு பாருங்க சார். எல்லாருக்கும் ஒரே நோவுதான். அங்க தரைல என்ன கிடக்கும்னு விவரமாச் சொல்லட்டுமா? ஒரு நாள் நாப்கின் விரிச்சபடி..."

"பேடம்மா, பேடா! வேண்டாம்!" என்று பேனாவைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டார்.

தாளைக் கீழே அந்தக் கதவில் ஒட்டினேன். பின்னால் நின்று அக்கா எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"திங்கள் நானு. செவ்வா... உம் பேரா? சூப்பர்வைசர் எங்கனா கழுவுவாளாடி?"

"செவ்வாக்கிழம வந்து பாருக்கா" என்றேன்.